பாலம் உட்காரவில்லை

மூன்று நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். மூன்று நிமிஷத்தில் நாலு ஆள் சேர்ந்தால் தண்டவாளத்தைத் தாங்கும் ஒரு கட்டைக்கு அடியில் ஜல்லியை இறுக்கிவிடலாம். ஒரு ரயில் ஸ்டேஷனுக்கு வந்து, ஆளை இறக்கி ஏற்றி, புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பிவிடலாம். ஆனால் அந்த மூன்று நிமிஷத்துக்குள் ஒரு மனுஷி மூன்று வருஷத்தைத் திணிக்கப் பார்ப்பதை அவர் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் பார்த்தார்.

சமையலறை மேஜைமேல் அலாரம் கடிகாரம் இருந்தது. அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாத்திர அலமாரியைப் பார்த்து, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று ஏழாவது தடவையாக ஆரம்பித்தாள். கடிகாரம் பார்ப்பது மேஸ்திரியின் பொறுப்பு.

"நேரம் முடிஞ்சது," என்றார்.

"அதுக்குள்ளயா? நான் இன்னும் ஆறாவது ஸ்டேஷனுக்கே வரலையே!"

"முதல் ஸ்டேஷன்லயே நீ ஒரு நிமிஷம் நின்னுட்டே."

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. வட்டாரத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மனு அக்கா என்றுதான் சொல்வார்கள். வெறும் தாளைப் பார்த்தால் அதில் நாலு பேர் கையெழுத்தை வாங்காமல் விடமாட்டாள். நகரத்தின் நடுவிலிருந்து கிளம்பி வெளிவட்டம்வரை போகும் அந்த ரயில் பாதையில் இன்னமும் டீசல் வண்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. வரவேண்டிய நேரத்துக்கு வராது, வந்தால் நுழைய இடம் இருக்காது. மேலே கம்பி இழுத்து மின்சார ரயில் விடலாம் என்று நகரமன்றத்தில் பேச்சு எழுந்த நாளிலிருந்து அவள் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அலைந்தாள். பதினோராயிரம் கையெழுத்து வாங்கினாள். திட்டமும் வந்தது. வந்த திட்டம், பாதைக்கு மேலே குறுக்காக நிற்கும் கல்பாலத்தோடு நின்றுவிட்டது. கல்பாலத்துக்கு இந்தப் பக்கம் மின்சார ரயில். அந்தப் பக்கம் இருக்கும் ஆறு ஸ்டேஷனுக்கும் இனி ரயிலே கிடையாது, பஸ் விடுவார்களாம். அவர்கள் வீடு அந்தப் பக்கத்தில் நாலாவது ஸ்டேஷன்.

புதன்கிழமை பொது விசாரணை. பேச விரும்புகிறவர்களுக்குத் தலைக்கு மூன்று நிமிஷம். பட்டியலில் அவள் பதினாலாவது.

"எதுக்குப் பாலத்தோட நிறுத்துறாங்களாம்?" என்று மேஸ்திரி கேட்டார். அவருக்கும் அந்தப் பாலத்துக்கும் பத்தொன்பது வருஷப் பழக்கம். அதற்கு அடியில் ஓடும் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை எடுத்தாள். "கம்பி போறதுக்குப் பாலத்துக்கு அடியில உயரம் பத்தலையாம். கட்டினப்போ இருந்ததைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்காம். பாலம் உக்காந்துடுச்சாம். இடிச்சுப் புதுசா கட்ட ஆறு வருஷம் ஆகுமாம்."

"பாலம் எப்படி உக்காரும்?"

"என்னைக் கேட்டா? அளந்து பார்த்திருக்காங்க. இதோ, இதையும் கேளுங்க: 'பாலத்தின் கீழ் தண்டவாளத்தின் மட்டம் மாறவில்லை என்பதைப் பராமரிப்புப் பதிவேடுகள் உறுதி செய்கின்றன. பத்தொன்பது ஆண்டுகளாக இப்பதிவேடுகள் மிகச் சீராக எழுதப்பட்டுள்ளன. எனவே இறங்கியிருப்பது பாலமே.'" அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "பதிவேடு எழுதுறது நீங்கதானே? பாருங்க, அறிக்கையிலயே உங்களைப் பாராட்டி எழுதியிருக்காங்க!"

மேஸ்திரி அறிக்கையை வாங்கி அந்த வரியைத் தானே ஒரு முறை படித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். இருபத்திரண்டு சென்டிமீட்டர். தன் கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, ஒரு சாண். அதே அளவு.

மறுநாள் காலை பாலத்துக்கு அடியில் நின்றபோது அவர் பாலத்தைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தார். அந்த இடம் எப்போதும் ஈரம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, ஜல்லிக்குள் சேறு ஏறி, தண்டவாளம் ஒரு விரல் அளவு இறங்கும். முறைப்படி செய்வதென்றால் ரயிலை அரை நாள் நிறுத்தி, சேற்றை வாரிப் போட்டு, சாக்கடையைத் திறந்துவிட்டு, புது ஜல்லி கொட்ட வேண்டும். அரை நாள் யார் கொடுப்பார்கள்? முதல் வருஷம் கேட்டார். இரண்டாம் வருஷமும் கேட்டார். மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு ரயிலுக்கு நடுவில் கிடைப்பது நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும்: கடப்பாரையைக் கொடுத்துத் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் புது ஜல்லியைத் திணித்து இறுக்குவது. இறங்கியது ஒரு விரல் என்றால், எப்படியும் மறுபடி இறங்கத்தான் போகிறது என்று இரண்டு விரல் தூக்குவார்கள். பிறகு பதிவேட்டில் "மட்டம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது சுத்தப் பொய்யும் இல்லை. இரண்டு தண்டவாளமும் ஒன்றுக்கொன்று சமமாகத்தான் இருந்தன. சேர்ந்து உயர்ந்துகொண்டே போயின, அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னால், ரயில் கவிழாதவரைக்கும் இந்த உலகத்தில் ஒருவரும் தண்டவாளத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"பாலம் உக்காரலை. நாமதான் தூக்கிட்டே வந்திருக்கோம்," என்றார் மேஸ்திரி.

கூட்டத்தில் இருந்த அவர் மைத்துனன், மனைவியின் தம்பி, கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தான். அடுத்த மேஸ்திரி ஆகவேண்டியவன். "மாமா, அதை இங்கயே புதைச்சுடுங்க."

"பாலத்தை இடிக்கப் போறாங்கடா."

"இடிக்கட்டுமே, உங்க பாட்டன் சொத்தா? வாயைத் திறந்தீங்கன்னா முதல் மெமோ உங்களுக்கு, அடுத்தது எங்களுக்கு. கடப்பாரை பிடிச்சது நாங்கதானே?"

அதில் ஒன்றும் தப்பில்லை. புதைத்துவிடலாம் என்றுதான் மேஸ்திரியும் அன்றைக்கு முழுதும் நினைத்திருந்தார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, பாத்திர அலமாரிக்கு முன்னால் மறுபடி "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" கேட்டது. அவள் குரல் கம்மியிருந்தது. சலவைப் பிரிவின் நீராவியில் நாளெல்லாம் நின்றுவிட்டு, நெரிசல் ரயிலில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு வந்து, கைகால் கழுவியதும் பேச்சைக் கையில் எடுத்திருக்கிறாள். உட்காராத பாலத்துக்காக மன்றாடப் போகிறாள். அவரால் தாங்க முடியவில்லை. கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. கழுவி வைத்திருந்த ஒரே தட்டை மறுபடியும் மறுபடியும் கழுவினாள். கடைசியில் தண்ணீரை நிறுத்திவிட்டு, திரும்பாமலே பேசினாள்.

"பதினோராயிரம் கையெழுத்து. மழையில நனைஞ்சேன், வெயில்ல காஞ்சேன், எத்தனை வீட்டு நாய் துரத்திச்சு. அத்தனை கையெழுத்தையும் உங்க ஒரு கையெழுத்து தின்னுடுச்சேங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நீங்க வந்து சொல்றீங்க."

"நானா? எனக்கு நாலு பேரு முன்னாடி இருமக்கூட வராது. நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா 'வீட்டுக்காரருக்காகப் பேசுறா'ன்னு சிரிப்பாங்க. செஞ்ச கைதான் சொல்லணும்." அவள் ஒரு தாளை எடுத்தாள். எழுதிய மனுவிலேயே சின்ன மனு அதுதான்: என் மூன்று நிமிஷத்தை என் கணவருக்குக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றது. எத்தனை நாள் ஒத்திகை. பிறகு போட்டுவிட்டாள்.

நகரமன்றக் கூடத்தில் நாற்காலி போதாமல் ஜனம் சுவரோரம் நின்றது. காலையிலிருந்து ஒரே சண்டை. நாற்பது புது பஸ் வாங்கினால் நாளைக்கே ஓட்டலாம், கம்பியும் கம்பமும் எதற்கு என்றார் ஒரு உறுப்பினர். அந்த நாற்பது பஸ்ஸும் இப்போது இருக்கிற பஸ்ஸுக்குப் பின்னால்தானே நெரிசலில் நிற்கும் என்று ஒரு நர்ஸ் கேட்டாள். கம்பம் நடுகிறேன் என்று வாசலைத் தோண்டிவிட்டால் வியாபாரத்தை யார் பார்ப்பது என்று எகிறினார் ஒரு கடைக்காரர். டீசல் புகையில் துணி காயப்போட முடியவில்லை என்று ஒருத்தி தன் வெள்ளைச் சேலையை விரித்தே காட்டிவிட்டாள். எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: கல்பாலம் உட்கார்ந்துவிட்டது. பாவம், அதற்காகப் பேச ஒரு நாதி இல்லை.

பதினாலாவது எண்ணைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி எழுந்து போய் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மன்றத் தலைவி கடிகாரத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் அவர் மனைவி இரண்டு விரலைக் காட்டினாள். ஒரு நிமிஷம் போயே போய்விட்டது.

"பாலம் உக்காரலைங்க," என்றார். "நாங்கதான் தண்டவாளத்தைத் தூக்கிட்டோம். பத்தொன்பது வருஷமா."

கூடம் சிரித்தது. அறிக்கை எழுதிய பொறியாளர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், பேச்சில் மட்டும் கறார். "பதிவேட்டுல மட்டம் சரின்னு இருக்கே?"

"அதை எழுதினது நான்தாங்க. ரெண்டு தண்டவாளமும் சமமா இருக்குன்னு எழுதினேன். எவ்வளவு உயரத்துல இருக்குன்னு எழுதலை. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. தப்பு என்னுது." மூச்சு வாங்கியது. "பாலத்துச் சுவத்துல உளியால போட்ட கோடு ஒண்ணு இருக்குங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ தண்டவாளம் அந்தக் கோட்டுக்குச் சரியா நின்னுச்சு. இப்போ கோடு ஜல்லிக்குள்ள புதைஞ்சு கிடக்கு, ஒரு சாண் கீழ."

"பாலம் இறங்கியிருந்தா, சுவத்துல இருக்கிற கோடும் கூடவே இறங்கியிருக்குமே?" என்றாள் பொறியாளர். "அது எப்படி ஆதாரமாகும்?"

மேஸ்திரி திகைத்துப் போனார். இரண்டு நாளாக அந்தக் கோட்டைத்தான் நம்பியிருந்தார். கேள்வி நியாயமானது. கூடத்தில் மறுபடி சிரிப்பு கிளம்பியது, பஸ் உறுப்பினர் மேஜையைத் தட்டினார். முன்வரிசையில் ஒரு விரல் உயர்ந்து, மெதுவாக மடங்க ஆரம்பித்தது. அந்த விரலைப் பார்த்ததும் அவருக்கு ரோஷம் வந்தது. தன் நேரம் என்றால் விட்டுவிட்டு இறங்கியிருப்பார். இது அவளுடைய நேரம்.

"அப்போ அடியில தோண்டுங்கம்மா," என்றார், குரல் ஏறியது. "பழைய வரைபடம் உங்ககிட்ட இருக்குமில்ல? கட்டைக்குக் கீழ எவ்வளவு ஜல்லின்னு போட்டிருக்கு?"

அவள் தாளைப் புரட்டினாள். "முப்பது சென்டிமீட்டர். அதுக்குக் கீழ கல் பாவின தளம்."

"பாலம் இறங்கியிருந்தா இன்னைக்கும் முப்பதுதான் இருக்கணும். நாங்க தூக்கியிருந்தா ஐம்பத்திரண்டு இருக்கும். நாளைக்குக் காலையில பத்து மணி பத்து நிமிஷ வண்டி போனதும் வாங்க. அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம் இருக்கு. நானே தோண்டிக் காட்டுறேன். முப்பது இருந்தா பாலத்தை இடிங்க, என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மணி அடித்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கியிருந்தார்கள். "தோண்டிப் பார்க்கிறதுல என்ன நஷ்டம்?" என்று பொறியாளரே எழுந்து சொன்னாள். தலைவி வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தாள்.

மறுநாள் பத்து பத்து வண்டி புகையோடு கடந்ததும் மேஸ்திரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு கட்டைக்கு நடுவில் இறங்கினார். தனியாகத்தான். கூட்டத்தை அவர் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது? சுற்றிலும் தலைவி, நாலைந்து உறுப்பினர்கள், பொறியாளர், மேஸ்திரியின் பிரிவு அதிகாரி. அதிகாரியின் முகத்தைப் பார்த்தால் பால் திரிந்துவிடும். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் கொடியோடு காவல் ஆள். பாலத்தின் மேலே கைப்பிடிச் சுவரோரம் வட்டாரமே நின்றது, நடுவில் அவர் மனைவி.

இறுகிப்போன ஜல்லி லேசில் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு கல்லும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. அதை அப்படி இறுக்கியவரும் அவரேதான். பத்து நிமிஷத்தில் ஒரு முழங்கூட ஆகவில்லை, சட்டை நனைந்துவிட்டது. தோண்டியது போதாது, அடுத்த வண்டிக்கு முன் மூடி இறுக்கவும் வேண்டும்.

"தள்ளுங்க மாமா. இந்த வேகத்துல தோண்டினா மின்சார ரயில் வந்து நம்மளை ஏத்திக்கிட்டுப் போயிடும்."

மைத்துனன்தான். அவன் பின்னால் மற்ற மூன்று பேரும் கடப்பாரையோடு நின்றார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மேல நிக்கிறது என் அக்கா," என்றான் அவன். "வரலைன்னா எனக்கு வீட்டுல சோறு கிடையாது." மேஸ்திரிக்குக் கண் கரித்தது. வியர்வைமேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து பேர் இறங்கியதும் குழி ஓடியது. மேலே சாம்பல் நிற ஜல்லி, அதற்குக் கீழே கறுப்பு, அப்புறம் சேறு, மறுபடி சிவப்பு. எந்த வருஷம் எந்தக் கல் வந்தது என்று மேஸ்திரியால் ஒப்பிக்க முடிந்தது. கட்டையின் அடியிலிருந்து முப்பது சென்டிமீட்டரைத் தொட்டபோது பொறியாளர் குனிந்தாள். அங்கே தளம் இல்லை. ஜல்லிதான் இருந்தது. இன்னும் தோண்டினார்கள். கடைசியில் கடப்பாரை வேறு சத்தம் போட்டது, கல் மேல் இரும்பு பட்ட சத்தம். மேஸ்திரி சேற்றைக் கையால் வழித்தார். ஒட்டிச் சேர்த்த, வழவழப்பான பழைய கல் தளம்.

பொறியாளர் முழங்கால் சேற்றில் பட மண்டியிட்டு அளவு நாடாவை இறக்கினாள். இரண்டு தடவை அளந்தாள்.

"ஐம்பத்து மூணு," என்றாள். பிறகு நிமிர்ந்து பாலத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். "நான் கல்லைப் பார்த்திருக்கணும். இவ்வளவு இறங்கின பாலத்துல ஒரு விரிசல்கூட இல்லையேன்னு தோணாம இல்லை. தாளை நம்பிட்டேன்."

"தாளை எழுதினது நான்தானே," என்றார் மேஸ்திரி.

குழியை மூடி இறுக்கியபோது வண்டிக்கு நாலு நிமிஷம் இருந்தது. அதிகாரி அங்கேயே மெமோவை நீட்டினார். மேஸ்திரி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மறு வாரம் உத்தரவு வந்தது: மேஸ்திரி பதவி போய்விட்டது, இனி வெறும் கூலியாள். கடப்பாரை பிடித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை, தூக்கச் சொன்னது நான் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதே வாரத்தில் நகரமன்றமும் வாக்களித்தது. பஸ் உறுப்பினர் கடைசிவரை மல்லுக்கு நின்றார். பதினேழுக்குப் பதினாலு. மழைக்காலத்துக்குள் தண்டவாளத்தை இறக்கிவிட்டால் கம்பி பாலத்தைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன்வரை போகும். அதற்காக ஆறு ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்தினார்கள். பத்தொன்பது வருஷமாகக் கிடைக்காத அரை நாளுக்குப் பதில் ஆறு முழு நாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் மண்வெட்டியோடு வரிசையின் கடைசியில் போய் நின்றார். மேஸ்திரியின் விசில் இப்போது மைத்துனன் கழுத்தில். பழக்க தோஷத்தில் மற்றவர்கள் இன்னமும் இவரைத்தான் மேஸ்திரி என்றார்கள். இவர் காதில் விழாத மாதிரி இருந்தார். தண்டவாளத்தைக் கழற்றி ஓரம் வைத்தார்கள், பத்தொன்பது வருஷ ஜல்லியை வாரினார்கள், அடைந்து கிடந்த சாக்கடையைத் திறந்தார்கள். தேங்கிய தண்ணீர் சலசலவென்று ஓடியபோது அவர் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் முதல் துண்டைத் திரும்ப இறக்கி வைத்தார்கள். மைத்துனன் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தான்.

"இடது பக்கம் ஒரு விரல் பள்ளம்," என்று கத்தினான். "இடது பக்கம், தூக்கு!"

கடப்பாரைகள் எல்லாம் தன்னால் இடது தண்டவாளத்துக்கு அடியில் போயின. கைகளுக்குப் பழகிய சொல். வரிசையின் கடைசியில் நிற்கும் கூலியாளுக்கு வாய் திறக்க உரிமை இல்லை, அவருக்கும் அது தெரியும்.

"தூக்காதே," என்றார். "வலது பக்கத்தை இறக்கு."

கடப்பாரைகள் நின்றன. எல்லாரும் மைத்துனனைப் பார்த்தார்கள். அவன் வாய்க்குக் கொண்டுபோன விசிலை இறக்கினான், மாமாவைப் பார்த்தான், பிறகு தலையை நிமிர்த்திப் பாலத்தைப் பார்த்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அக்கா நின்றிருந்தாள். அவள் ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள்.

"வலது பக்கம்," என்று அவன் கத்தினான். "இறக்கு!"

மறுபடி ஜல்லியை வார எல்லோருக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. அன்றைக்குப் பதிவேட்டை எடுத்த மைத்துனன், "மட்டம் சரி" என்று வழக்கம்போல் எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் யோசித்தான். பிறகு பக்கத்தில், தளத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளவையும் எழுதி, கூலியாளிடம் நீட்டினான்.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா," என்றான்.